கேளாச்சாமியும் பார்வதிப்பிள்ளையின் பல்லும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்ற சனத்தைப் பார்த்தால், நெடுந்தீவில் யாரோ கனடாவுக்கு இலவச விசா கொடுக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. அங்கே கொடுத்தது திருநீறு.

வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு, யாழ்ப்பாணப் பட்டினம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். கால் வீங்கியவர்கள், கண் மங்கியவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை இருந்தும் நிம்மதி இல்லாதவர்கள். "இனி ஏத்தேலாது, படகு தாண்டுபோம்!" என்று படகோட்டி யாக்கோப்பு தொண்டை கிழியக் கத்தினார். "சாமியிட்டைப் போற படகு தாழாது" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். இந்த விசயம் கடலுக்கு அறிவிக்கப்பட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை.

சாமியின் பெயர் கேளாச்சாமி. பெற்றோர் வைத்த பெயர் அல்ல, பக்தர்கள் வைத்தது. சாமி யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார், அதனால் அந்தப் பெயர். நீங்கள் போய் முன்னால் சப்பாணி கட்டி இருக்க வேண்டியதுதான். வாய் திறக்கக்கூடாது. திறந்தால் தெய்வம் ஓடிவிடும். சாமி கண்ணை மூடி மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். பிறகு உங்கள் நோய், வருத்தம் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைப்பார். சீனி வியாதி என்றால் சீனி வியாதி, மூலம் என்றால் மூலம். ஒன்றும் பிசகாது.

"டொக்டர்மார் ரத்தம் எடுத்து, மூத்திரம் எடுத்து, படம் எடுத்துக் கண்டுபிடிக்கிறதை, அந்த மனுசன் ஒரு மூச்சு எடுத்துக் கண்டுபிடிக்குது!" என்றார் எங்கள் ஊர் அம்பிகை. எங்கள் ஊரிலிருந்து சாமியிடம் முதலில் போய் வந்தவர் அவர்தான். எதற்கும் முதல் ஆளாகப் போவார். செத்தவீட்டுக்கும் அப்படித்தான்.

சாமி காசைக் கையால் தொடமாட்டார். காசு மாயை. அதனால் வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பெரிய பலகையில் எழுதி, செருப்புக் கழற்றும் இடத்தில் மாட்டியிருந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளின் வசதிக்காக ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. மாயைக்கு மொழிப் பிரச்சினை இல்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, எங்கள் ஊரில் ஒரு டொக்டர் ஆள் வராமல் இருந்தார்.

எங்கள் ஊர் சாட்டிக் கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலில் குளிக்க வருகிற பட்டினத்துச் சனம் எங்களைக் கடந்துதான் போகும். மற்ற நாட்களில் எங்களைக் கடந்து போவதற்கும் ஆள் இல்லை. ஒரு தடிமன் காய்ச்சலுக்கும் பட்டினத்துப் பெரிய ஆசுப்பத்திரிக்கு பஸ் ஏறிப் போய், அரை நாள் வரிசையில் நின்று, நின்ற அலுப்பில் புது வருத்தம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வருவதுதான் எங்கள் வழக்கம். அதைக் குறைக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த ஊரிலேயே ஒரு டொக்டர். உங்களைத் தெரிந்த டொக்டர். சீனியும் பிறசரும் உங்களைப் பிடிக்க முதல், அவர் அவற்றைப் பிடித்துவிடுவார்.

பழைய மருந்தகத்துக்கு நீல வர்ணம் பூசினார்கள். புதுக் கதிரைகள் வந்தன. திறப்பு விழாவில் ஒரு பெரியவர் நாடா வெட்டி, 'ஆரோக்கியமே செல்வம்' என்று உச்சி வெயிலில் நெடுநேரம் பேசினார். அந்தப் பேச்சில் மயங்கி விழுந்தவர்தான் அங்கே முதல் நோயாளி.

டொக்டராக வந்தவர் பிரியதர்சினி. இளம் பெண். நல்ல கைராசி, நல்ல பொறுமை. ஆனால் வந்த கிழமையே மன்னிக்க முடியாத ஒரு குற்றம் செய்துவிட்டார். கேள்வி கேட்டார்.

"என்ன செய்யுது அம்மா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைப் படிப்பிச்சு அனுப்பினது?"

"ராவிலை எத்தினை தரம் எழும்புறனீங்கள்?"

"அது ஏன் உங்களுக்கு?"

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"இதென்ன, சம்பந்தம் பேச வந்த ஆக்கள் மாதிரி?"

ஊர் கூடி முடிவெடுத்தது. தெரிந்த ஆள் கேட்கமாட்டான். கேட்கிற ஆளுக்குத் தெரியாது. ஆகவே இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. சாத்திரியார்கூட பிறந்த நேரம் கேட்கிறாரே என்று ஒருவர் இழுத்தார். அது வேறையாம். எப்படி வேறை என்று கேட்கக்கூடாது. கேட்டால் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

இந்த இடத்தில்தான் பார்வதிப்பிள்ளை வருகிறார். அவருடைய புருசன் சரவணமுத்து மாத்தறையில் கடை வைத்திருந்து, வயது போனபிறகு ஊரோடு வந்து சேர்ந்தவர். மகன் விதுசன் கனடாவில். பார்வதிப்பிள்ளைக்குச் சீனி வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்றும் அவருக்கு இருந்தது. அது அவருடைய பல்.

பார்வதிப்பிள்ளையின் பல்வரிசை ஊரில் பேர் பெற்றது. இந்த வயதில் இப்படி ஒரு பல்லா என்று கலியாண வீடுகளில் சனம் வாயைப் பிளக்கும். அவரும் விடமாட்டார். "உமிக்கரி, பிள்ளையள். உமிக்கரியும் வேப்பங்குச்சியும்தான். உங்கடை பேஸ்ட் எல்லாம் விசர்க் கூத்து" என்று குமர்ப்பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார். அவர் சொல்லைக் கேட்டு உமிக்கரி தீட்டிப் பல் ஈறு கிழிந்த பெண்கள் எங்கள் ஊரில் உண்டு.

உண்மை என்னவென்றால், மேலும் கீழும் முழுக்கக் கட்டுப்பல். கொழும்பில் கட்டியது. உமிக்கரி அந்தப் பல்லைக் கண்டதே இல்லை. இந்த இரகசியம் தெரிந்த ஆள் உலகத்தில் சரவணமுத்து ஒருவர்தான். அவரும் வாய் திறக்கமாட்டார், அவருக்கு இரவுச் சாப்பாடு முக்கியம்.

அப்படிப்பட்ட பார்வதிப்பிள்ளையைப் பார்த்து, முதல் நாளே டொக்டர் பிரியதர்சினி மெல்லிய குரலில் கேட்டார். "அம்மா, பல்லுக் கட்டினதோ? மெல்லக் கஸ்டமோ? அதாலைதான் சோறும் பாணுமாச் சாப்பிடுறீங்களோ?"

சீனிக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று டொக்டருக்குத் தெரியவேண்டும். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பார்வதிப்பிள்ளை எழுந்து சேலையை உதறிக்கொண்டு வெளியே வந்தவர்தான். அதன் பிறகு அந்த நீலக் கட்டடத்தின் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு வாய் நீளம்" என்றார் ஊருக்கு. காரணம் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து, வீட்டு வளவுக்குள் வடலிப் பனை மட்டையின் கூரான கருக்கு ஒன்று அவருடைய வலது காலைக் கீறியது. சின்னக் கீறல். மற்றவர்களுக்கு என்றால் ஒரு கிழமையில் காய்ந்துவிடும். பார்வதிப்பிள்ளைக்குக் காயவில்லை. புண்ணாகியது. சுண்டுவிரல் பக்கம் கறுக்கத் தொடங்கியது.

"டொக்டரிட்டைக் காட்டுவம்" என்றார் சரவணமுத்து.

"செத்தாலும் அங்கை போகமாட்டன்."

"ஏன் காணும்?"

"அவ கேக்கிறா!"

அடுத்த நாள் அம்பிகை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார், கேட்காத ஆளிடம். மனைவியைத் தனியே விட மனமில்லாமல் சரவணமுத்துவும் போனார்.

படகுப் பயணத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெடுந்தீவு கிட்டடி இல்லை, கடலும் சும்மா விடாது. படகின் இயந்திரம் போடுகிற சத்தத்தில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. பக்கத்தில் இருப்பவருக்கும் கத்தித்தான் சொல்ல வேண்டும். "எனக்கு மூலம்!" என்று ஒருவர் கத்துவார். "எத்தினை வரியமா?" என்று மற்றவர் கத்துவார். சாமியிடம் வாய் திறக்கக்கூடாது என்ற கவலையில், எல்லாவற்றையும் படகிலேயே சொல்லித் தீர்த்துக்கொண்டார்கள்.

அந்தச் சனத்துக்கு நடுவில் சயந்தினி என்று ஒரு புண்ணியவதி. கடல் ஆட்டத்தில் வாந்தி வருகிறவர்களுக்கு மணந்து பார்க்க எலுமிச்சம் தேசிக்காய் கொடுப்பார். முதுகு தடவிவிடுவார். "என்னக்கா, என்ன செய்யுது உங்களுக்கு?" என்று அன்பாகக் கேட்பார். டொக்டர் கேட்டால் கோபம் வரும், தேசிக்காய் கொடுத்தவர் கேட்டால் கண்ணீர் வரும். பார்வதிப்பிள்ளை காலைத் தூக்கிக் காட்டி, கருக்கு கீறியதிலிருந்து எல்லாம் சொன்னார்.

"ஐயாவுக்கு?" என்று சயந்தினி சரவணமுத்துவைப் பார்த்தார்.

சரவணமுத்துவுக்கு ஒரு பழக்கம். பயணத்தில் உண்மை பேசமாட்டார். மாத்தறைக்கும் ஊருக்கும் அலைந்த காலத்தில் படிந்த பழக்கம் அது. றெயினில் பக்கத்தில் இருக்கிறவன் போட்டிக் கடைக்காரனின் மச்சானாகவும் இருக்கலாம். அரிசி வாங்கப் போனால் வெங்காயம் என்பார், வெங்காயம் வாங்கப் போனால் செத்தவீடு என்பார். தீவுப்பகுதிக் கடைக்காரர் எல்லோரும் அப்படித்தான். ஆகவே வாயில் வந்ததைச் சொன்னார்.

"மூச்சிழுப்பு, பிள்ளை. சின்ன வயசிலையிருந்து இழுப்பு."

சரவணமுத்துவுக்கு நெஞ்சு இரும்பு. இன்றைக்கும் பனை உயரத்துக்குக் கேட்கும்படி கூப்பிடுவார்.

படகு கரை தட்டியதும் முதல் ஆளாகக் குதித்து இறங்கியவர் சயந்தினி. ஒரு மோட்டார் சைக்கிள் அவரை ஏற்றிக்கொண்டு பறந்தது. மற்றவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, கல்வேலிகளுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கி, போகிற இடத்துக்குப் போய்ச் சேரப் பொழுது பிடித்தது.

கேளாச்சாமி கொட்டிலுக்குள் மான்தோல் படம் போட்ட பிளாஸ்டிக் பாயில் இருந்தார். பார்வதிப்பிள்ளை முன்னால் போய் இருந்தார். சாமி மூச்சு இழுத்தார்.

"வலது கால். சுண்டுவிரல். மரமல்ல, மட்டையல்ல, கருக்கு! கருக்கு கீறினது உன்ரை காலை, மகளே. ஆனால் கீறினது கருக்கில்லை. போன பிறப்பிலை நீ ஒரு நாகத்தின்ரை வாலை மிதிச்சனீ."

பார்வதிப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"இங்கிலீசு மருந்து குடிக்கிறாய். நிப்பாட்டு. வெள்ளைக் குளிசை உள்ளுக்கை போனால் அம்மாள் வெளியிலை போயிடுவா. இந்த நூலைக் கணுக்காலிலை கட்டு. இந்தச் சாம்பலைப் பூசு. பறுவத்துக்குப் பறுவம், நிலவு நிறைஞ்ச நாளிலை வா."

அடுத்தது சரவணமுத்து. சாமி மூச்சு இழுத்தார். முகம் வாடியது.

"இழுப்பு! சின்ன வயசிலையிருந்து இழுப்பு!"

கொட்டில் முழுக்க 'ஆ' என்றது. சரவணமுத்து மட்டும் சொல்லவில்லை. அவருடைய வாய் வேறு காரணத்துக்காகத் திறந்திருந்தது.

திரும்பி வருகிற படகில் மனைவியிடம் சொன்னார். "இஞ்சாரும், எனக்கு இழுப்பே இல்லை. அந்தப் பெட்டைக்கு நான் பொய் சொன்னனான். அதைத்தான் உவர் திருப்பிச் சொல்லுறார்."

"சாமி சொன்னால் உங்களுக்கு இழுப்பு இருக்கு."

"எனக்குத் தெரியாமலோ?"

"உங்களுக்கு என்ன தெரியும்? நாப்பது வரியமா உப்பு எங்கை இருக்கெண்டு தெரியாது."

அடுத்த நாள் தொடக்கம் சரவணமுத்து ஊருக்கு இழுப்புக்காரர். வெளியில் தலை காட்ட முடியவில்லை. ஆடாதோடை இலையோடு ஒருவர், தூதுவளைச் சாறோடு ஒருவர். அவர் வாய்விட்டுச் சிரித்தால், "பாவம், முட்டுது" என்று முதுகைத் தட்டினார்கள். கோபத்தில் கத்தினால், "ஐயோ, கதைக்காதையுங்கோ அண்ணை" என்று கதிரை கொண்டுவந்து போட்டார்கள். வருத்தமே இல்லாத மனுசனுக்கு வைத்தியம் நடந்தது. வருத்தம் உள்ள மனுசிக்கு நூல் கட்டியிருந்தது.

பட்டினத்து ஆசுப்பத்திரியில் கொடுத்த சீனிக் குளிசை குப்பைக்குள் போனது. புண் பெரிசானது. சாம்பலுக்குக் கீழே கறுப்பு, விரலிலிருந்து பாதத்துப் பக்கம் நகர்ந்தது. ஈ வந்து இருந்தாலும் பார்வதிப்பிள்ளைக்குத் தெரியவில்லை, விரலில் உணர்வே இல்லை. "பாத்தீங்களோ, நோவே இல்லை, சுகமாகுது" என்றார்.

சரவணமுத்துவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தனியே டொக்டரிடம் போனார். காலின் நிலையைச் சொன்னார். டொக்டர் பிரியதர்சினி வழக்கம் போல நிறையக் கேட்டார். எந்த நிறம், எவ்வளவு அகலம், மணக்கிறதா, நோகிறதா. அவரும் முதல்முறையாக ஒவ்வொன்றுக்கும் உண்மை சொன்னார்.

"நோகேல்லை எண்டதுதான் எனக்குப் பயம், ஐயா" என்றார் டொக்டர். "இந்தக் கிழமைக்குள்ளை கூட்டிக்கொண்டு வாங்கோ. காலைக் காப்பாத்தலாம். அடுத்த பறுவம் மட்டும் விட்டால், முழங்காலுக்குக் கீழை என்ன மிஞ்சுமெண்டு என்னாலை சொல்லேலாது. நான் வேணுமெண்டால் வீட்டை வாறன்."

"நீங்கள் வந்தால் அவ கிணத்துக்கை குதிப்பா. பொறுங்கோ, நானே வழி பாக்கிறன்."

அவர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். மாத்தறையில் அவருடைய கடைப் பெடியன் ஒருவன் பஸ் நிலையத்தில் நிற்பான். ஊரிலிருந்து வந்து இறங்குகிற சனம் என்ன வாங்க வந்தது என்று காது கொடுத்துக் கேட்டு, குறுக்கு வழியால் ஓடி வந்து சொல்வான். அவர்கள் கடைக்குள் கால் வைக்கும்போதே, "வாங்கோ, நீலக் குடைதானே?" என்பார் சரவணமுத்து. சனம் அசந்துபோய், குடையோடு கூஜாவும் வாங்கிப் போகும். அவர் குடை விற்றார். இந்தச் சாமி மற்றவர்களின் காலை விற்கிறான். அந்த நினைப்பு வந்ததும் மனுசனுக்கு இரத்தம் கொதித்தது.

அன்று பின்னேரம் மனைவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"இஞ்சாரும், ஒரு பந்தயம். நாளைக்குச் சாமியிட்டைப் போவம். நானும் வாறன்."

பார்வதிப்பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"ஆனால் படகிலை அந்தத் தேசிக்காய்ப் பெட்டை கேட்டால், காலைப் பற்றி மூச்சு விடப்படாது. வேறை ஒண்டு சொல்லவேணும். சாமி பொய்யைக் கண்டுபிடிச்சால், நான் சாகுமட்டும் இழுப்பு நூல் கட்டுறன். ஒரு கதை கதைக்கமாட்டன். கண்டுபிடிக்காட்டில் நீர் டொக்டரிட்டை வரவேணும்."

"சாமி கண்டுபிடிப்பார்" என்றார் பார்வதிப்பிள்ளை, துளி சந்தேகம் இல்லாமல். "என்ன சொல்லவேணும்?"

சரவணமுத்து வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

"பல்லு நோகுது, பல்லுக்கொதி எண்டு சொல்லும்."

பார்வதிப்பிள்ளையின் கை தானாக வாயைப் பொத்தியது. புருசனை அவர் அப்படி முறைத்ததைப் பார்த்திருந்தால் நாகமே வாலைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கும். வாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்.

"சரி. தெய்வத்துக்குத் தெரியாதோ எனக்குப் பல்லில்லை எண்டு? அவர் என்ரை காதுக்குள்ளை மெல்லமாச் சொல்லுவார். நீங்கள் வெக்கப்படப் போறியள், பாருங்கோ."

அடுத்த நாள் படகு நிறைந்திருந்தது. அம்பிகையும் எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேரும் இருந்தார்கள். சயந்தினி தேசிக்காய்ப் பையோடு வந்தார். "காலுக்கு எப்பிடியக்கா?"

"கால் சுகம், பிள்ளை!" என்று இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார் பார்வதிப்பிள்ளை. "பல்லுத்தான்! கீழ்க் கடைவாய், இடது பக்கம்! பல்லுக்கொதி! நித்திரை இல்லை!"

"உமிக்கரி போட்ட பல்லுக்கோ கொதி?" என்று அம்பிகை பதறினார்.

சுக்கான் பிடித்துக்கொண்டிருந்த யாக்கோப்புவும் இதைக் கேட்டார். படகில் உள்ள எல்லோரும் கேட்டார்கள். சயந்தினி, பாவம், மிகக் கவனமாகக் கேட்டார்.

வழக்கம் போல மோட்டார் சைக்கிள் முன்னே பறந்தது. வழக்கம் போல உழவு இயந்திரம் பின்னே குலுங்கியது. இந்த முறை யாக்கோப்புவும் படகைக் கட்டிவிட்டுப் பெட்டியில் தொற்றிக்கொண்டார். காரணம் கேட்டதற்கு, "எனக்கும் ஒரு வருத்தம்" என்றார்.

பார்வதிப்பிள்ளை சாமிக்கு முன்னால் போய் இருந்தார். கைகூப்பினார். அந்த நிமிசம் வரைக்கும் அவர் முழு மனதோடு நம்பினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். 'சாமி, என்னைக் காட்டிக்குடுக்காதையுங்கோ, காதுக்குள்ளை சொல்லுங்கோ' என்று மனதுக்குள் மன்றாடினார்.

சாமி மூச்சு இழுத்தார். உடம்பு நடுங்கியது.

"பல்லு!" என்று அலறினார். "கீழ்க் கடைவாய்! இடது பக்கம்! நித்திரை இல்லாமல் துடிக்கிறாய், மகளே!"

கொட்டில் 'ஆ' என்றது. பார்வதிப்பிள்ளையின் முகம் வெளிறியது.

சாமி விடவில்லை. அன்றைக்கு அவருக்கு நல்ல சுதி. "பூச்சி எண்டு நினைக்காதை. பல்லின்ரை வேருக்குள்ளை ஒரு ஆவி குடியிருக்கு. ஆரெண்டு சொல்லுறன்! செத்துப்போன உன்ரை மாமி! உன்னிலை இருக்கிற கோவத்திலை பல்லுக்குள்ளை பூந்திட்டா! அந்த வேர் கழுத்து மட்டும் ஓடுது!"

சரவணமுத்து கண்ணை மூடிக்கொண்டார். செத்தபிறகும் தாயாருக்கு இப்படி ஒரு இடம்தானா கிடைத்தது.

பார்வதிப்பிள்ளை தன் காலைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். சாம்பலுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்தார். பிறகு திரும்பி, பின்னால் இருந்த எங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்தார், அவருடைய உமிக்கரி வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். இவ்வளவு காலம் கட்டிக் காத்த மானம் ஒரு பக்கம். கால் ஒரு பக்கம்.

வாய்க்குள் கையை விட்டார். 'களக்' என்று ஒரு சத்தம். கீழ்வரிசையை அப்படியே கழற்றி, சாமிக்கு முன்னால் இருந்த வெற்றிலைத் தட்டத்தில், பழத்துக்கும் பாக்குக்கும் நடுவே வைத்தார். மேல்வரிசையையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். முழுப் பல்வரிசையும் தட்டத்தில் இருந்து சாமியைப் பார்த்துச் சிரித்தது.

"இந்தாரும்" என்றார், பொக்கை வாயால். "வேர் எங்கை எண்டு காட்டும். மாமியையும் நீரே வைச்சிரும்."

அம்பிகை தட்டத்தை எட்டிப் பார்த்துக் கேட்டார். "எடி, அப்ப உமிக்கரி?"

"பொய்!" என்றார் பார்வதிப்பிள்ளை. "என்ரை பல்லும் பொய், இவரின்ரை மூச்சும் பொய்! படகிலை சொன்னதைத்தான் இவர் சொல்லுறார்! தேசிக்காய்ப் பெட்டை வந்து ஓதுறா!"

அதன் பிறகு கொட்டிலுக்குள் நடந்தது ஒரு பெரிய கணக்கெடுப்பு. "நான் மூலம் எண்டு கத்தினனான்!" என்று ஒருவர் எழும்பினார். "என்ரை மருமோளின்ரை கதையை நான் அவவுக்குத்தான் சொன்னனான்!" என்று ஒரு தாய் கத்தினார். சயந்தினி பின்பக்கத்தால் நழுவப் பார்த்தார். பை தட்டுப்பட்டுத் தேசிக்காய் எல்லாம் உருண்டு வந்து சாமியின் மடியில் விழுந்தது.

"இது... இது போன பிறப்புப் பல்லின்ரை கொதி!" என்று சாமி ஒரு முயற்சி செய்தார். பாராட்டத்தான் வேண்டும். இத்தனை பேரின் வருத்தத்தை ஒரு தரம் கேட்டு, சேலை நிறத்தோடு பாடமாக்கி ஒப்புவிக்கிற ஞாபகசக்தி உண்மையான அற்புதம். ஒழுங்காகப் படித்திருந்தால் மனுசன் டொக்டராகவே வந்திருப்பான். ஆனால் டொக்டர் என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

யாக்கோப்பு முன்னுக்கு வந்தார். "சாமி, இந்தத் தேசிக்காய்ப் பிள்ளை ஒவ்வொரு நாளும் என்ரை படகிலை வாறா. உலகத்தின்ரை வருத்தமெல்லாம் கண்டுபிடிச்ச நீர், இவவுக்கு என்ன வருத்தம் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே?" பிறகு உற்றுப் பார்த்தார். "பொறும், தாடியை எடுத்துப் பாத்தால் நீர் பட்டினத்து பஸ் நிலையத்திலை சிம் கார்ட் வித்த ஜெகதீஸ் எல்லோ? எனக்கு வேலை செய்யாத கார்ட் ஒண்டு தந்தனீர்."

"பொலிசுக்குப் போன் அடியுங்கோ!" என்றது கூட்டம்.

அப்போதுதான் கேளாச்சாமி, அந்தக் கொட்டிலில் இருந்த காலம் முழுவதிலும் முதல் தடவையாக, ஒரு மனிதரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அடுத்த படகு எத்தினை மணிக்கு?"

"அது உமக்குத் தெரியாதோ?" என்றார் யாக்கோப்பு. "மூச்சு இழுத்துப் பாருமன்."

பொலிஸ் வந்தது, கொண்டுபோனது. அதெல்லாம் நீங்கள் பத்திரிகையில் பார்க்கிற கதைதான். எனக்குப் பெரிதாகத் தெரிவது அன்று பின்னேரம் நடந்தது.

படகால் இறங்கி பஸ் ஏறிய பார்வதிப்பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. நேரே அந்த நீலக் கட்டடத்துக்குப் போனார். பல் இரண்டும் கைப்பைக்குள் இருந்தன. டொக்டர் பிரியதர்சினி வீட்டுக்குப் போக வெளிக்கிட்டவர், கதிரையை இழுத்துப் போட்டுத் திரும்ப இருந்தார்.

"கேளுங்கோ, பிள்ளை" என்றார் பார்வதிப்பிள்ளை. காலை நீட்டினார். "என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ. எல்லாம் சொல்லுறன்."

டொக்டர் நூலை அறுத்தார். சாம்பலைக் கழுவினார். அன்றைக்கே பட்டினத்துப் பெரிய ஆசுப்பத்திரிக்கு வண்டி ஒழுங்கு செய்து அனுப்பினார். கால் தப்பியது. சுண்டுவிரல் தப்பவில்லை. முதலே வந்திருந்தால் அதுவும் இருந்திருக்கும் என்று டொக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கேளாச்சாமிக்குப் பக்தர்கள் கொடுத்த காணிக்கைகளில் திருப்பி வாங்க முடியாதது அந்த விரல் ஒன்றுதான்.

இப்போது நீலக் கட்டடத்தில் கதிரை போதவில்லை. அம்பிகை முதல் ஆள். டொக்டர் ஒரு கேள்வி கேட்டால் நான்கு வருத்தம் சொல்கிறார், அதில் இரண்டு பக்கத்து வீட்டாருடையது. சரவணமுத்துவின் நெஞ்சைக் குழாய் வைத்துப் பார்த்து, இழுப்பு இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் ஊர் தூதுவளையோடுதான் வருகிறது. பார்வதிப்பிள்ளை கலியாண வீடுகளில் குமர்ப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பேஸ்ட்டைப் போட்டு மினுக்குங்கோடி" என்கிறார்.

ஆனால் எல்லோரும் திருந்திவிட்டோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். "அண்டைக்குச் சாமி விரதம் பிழைச்சுப்போனார், அதாலைதான் பல்லுத் தெரியேல்லை" என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் உண்டு. நயினாதீவுப் பக்கம் புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறாவாம், பேரைக்கூடக் கேட்காமல் சொல்கிறாவாம் என்று போன கிழமை ஒரு கதை அடிபட்டது.

போகிறவர்கள் போங்கள். உங்கள் கால், உங்கள் படகு. ஆனால் நீங்கள் வாய் திறக்க முன்னமே உங்களைப் பற்றி எல்லாம் சொல்கிற ஒருவரைக் கண்டால், கும்பிட முதல், உங்களுக்கு இருக்கிற பல்லை எல்லாம் கடித்துக்கொண்டாவது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உமக்கு இதை ஆர் சொன்னது?"